தகரம் அடித்தால் யார் வாய் திறப்பார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆப்பிரிக்க நாடுகளில் பரவி உயிரைப் பறிக்கும் தொற்றுநோயான எபோலா பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறை ரேஷன் கடை வரிசையிலும் இப்போது இதே பேச்சுதான். விமானத்தை நிறுத்து, எல்லையை மூடு என்கிறார்கள். பயம் எனக்கும் உண்டு. தெருவுக்கு நாலு பேராவது வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர் இது. ஆனால் சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோவை என்று வாழ்கிற எங்களுக்கு எல்லையை மூடினால் பிழைப்பே நின்றுவிடும்.

2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது எல்லைச் சோதனைச் சாவடி ஒன்றில் பஸ்ஸை நிறுத்தி எல்லோர் நெற்றியிலும் கருவியைக் காட்டினார்கள். எனக்கு முந்தின இரவு முழுக்கக் காய்ச்சல். காலையில் பாரசிட்டமால் போட்டிருந்தேன். கருவி ஒன்றும் சொல்லவில்லை, போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல், சரி. வேறு ஏதாவதாக இருந்திருந்தால்?

எபோலா உடம்புக்குள் புகுந்து அறிகுறி தெரிய 2 முதல் 21 நாள் வரை ஆகலாம். விமானம் இறங்குகிற அன்று ஆள் நன்றாகவே இருப்பார். 2020 ஜனவரி 30-இல் இந்தியாவின் முதல் கொரோனா தொற்று திருச்சூரில் உறுதியானதே, வூஹானிலிருந்து வந்த அந்த மாணவிக்கும் விமான நிலையத்தில் காய்ச்சல் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு தொண்டை வலி என்று அவரே சொன்னதால்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு. போன வருஷம் தம்பி ஷார்ஜாவிலிருந்து வந்து ஒரு வாரத்தில் படுத்துவிட்டான். மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு, "ஆஸ்பத்திரி வேண்டாம் அக்கா, மாமா வீடு மாதிரி ஆகிவிடும்" என்றான். கொரோனா சமயத்தில் பொள்ளாச்சிப் பக்கம் மாமா வீட்டில் யாரும் உள்ளே வெளியே போகாதபடி வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். பால்காரர்கூட வரவில்லை. இன்றைக்கும் அது 'தகரம் அடிச்ச வீடு'தான். தம்பி பயந்ததில் என்ன தப்பு?

2014-இல் லைபீரியாவிலிருந்து ஒருவர் எபோலா நோயோடு நைஜீரியாவின் லாகோஸில் வந்து இறங்கினார். எவ்வளவு நெரிசலான நகரம் அது! அங்கே சுமார் 900 பேரைத் தேடிப் பிடித்து, 18,000 தடவைக்கு மேல் நேரில் போய் உடல்நிலை விசாரித்தார்கள். நோய் 20 பேரோடு நின்றது. எட்டுப் பேர் இறந்தார்கள் என்பது வேதனைதான். ஆனால் மூன்றே மாதத்தில் நைஜீரியா எபோலா இல்லாத நாடானது.

நான் கேட்பதும் அதைத்தான். நோய் பரவும் நாட்டிலிருந்து வருபவரிடம் 21 நாளும் யாராவது போனில் அன்பாக விசாரிக்க வேண்டும். எங்களிடம் தமிழில் பேசினால் இன்னும் நல்லது. கேரளத்தின் 1056 உதவி எண் இருக்கிறது, வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் 'ஆஷா' அக்கா இருக்கிறார். அப்புறம், கோவையில் இறங்கிப் பாலக்காடு மாவட்டத்துக்கு வருபவரின் விவரம் அன்றே இரண்டு மாவட்டத்துக்கும் தெரிய வேண்டும். வாசலில் தகரமோ தாளோ ஒட்டக் கூடாது.

தம்பிக்குச் சித்திரையில் மறுபடி லீவு. கோவையில்தான் இறங்குகிறான். அப்படி ஒரு நோய்க்காலத்தில் வந்தால் அவன் பெயர் எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு எப்படி வந்து சேரும் என்று இரண்டு மாநில அதிகாரிகளிடமும் கேட்டு நீங்கள் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.