காப்புரிமையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. உங்கள் செயலி தங்கள் அமெரிக்கக் காப்புரிமையை (பேட்டன்ட்) மீறுகிறது, உரிமத்தொகை கட்டுங்கள் என்று வந்திருக்கும் எச்சரிக்கையைப் பற்றித்தான் நீ நிறைய எழுதியிருந்தாய், நானும் நேராக அதற்கே வருகிறேன். பதறிப்போய் உரிமத்தொகை கட்டிவிடாதே. முதலில் அந்தக் காப்புரிமையைப் படி.

தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துத்தான் பெரும்பாலோர் பயந்துபோகிறார்கள். எல்லையை வகுப்பது அவை இல்லை. கடைசிப் பக்கங்களில் எண் போட்டு வரும் கிளெய்ம்கள், அதாவது எது தனக்கு உரியது என்று கோரும் வாசகங்கள்தான் வேலி. அதிலும் "1-ஆம் கிளெய்மில் உள்ளபடி" என்று இன்னொன்றைச் சார்ந்து நிற்பவற்றைத் தள்ளிவை. தனித்து நிற்பவற்றை மட்டும் எடு. அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டித் துண்டாக்கு. ஒரு தாளில் இடப்பக்கம் அந்தத் துண்டுகளையும், வலப்பக்கம் உங்கள் செயலியில் அதைச் செய்யும் பகுதியையும் எழுது. ஒரு துண்டுக்கு எதிரே இடம் காலியாக இருந்தாலும் நேரடி மீறல் கிடையாது. "இதற்குச் சமமான வேறொன்று இருக்கிறதே" என்று அவர்கள் வாதாடப் பார்ப்பார்கள், ஆனால் அந்த வழி குறுகியது.

அமேசானின் ஒரே சொடுக்குக் காப்புரிமையை எடுத்துக்கொள். எண் 5,960,411. விண்ணப்பம் 1997 செப்டம்பரில், கொடுத்தது 1999 செப்டம்பரில். முதல் கிளெய்மைப் பிரித்தால் கிடைப்பது இவ்வளவுதான்: பொருளைத் திரையில் காட்டு; ஒரே ஒரு செயல் நடந்ததும் ஆர்டரையும் வாங்குபவரின் அடையாளத்தையும் சர்வருக்கு அனுப்பு; சர்வர் ஏற்கெனவே சேமித்த விவரத்தை எடுத்து ஆர்டரை உருவாக்கட்டும், அதை நிறைவேற்றட்டும்; கூடை வேண்டாம். 1999 டிசம்பரில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தக விற்பனைத் தளம் இதை மீறுகிறது என்று அதற்கு நீதிமன்றத் தடை விழுந்தது. அவர்கள் உறுதிசெய்ய இன்னொரு சொடுக்கைச் சேர்த்தார்கள். "ஒரே ஒரு செயல்" என்ற துண்டு அதோடு கழன்றது. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையையே நீக்கியது. காப்புரிமை மட்டும் 2017 வரை உயிரோடு இருந்தது.

இதில் என்ன கோளாறு என்றால், கிளெய்ம் முடிவைத்தான் பிடித்துக்கொள்கிறது, அதை அடையும் வழியை இல்லை. இது இன்று நேற்று வந்த சிக்கல் அல்ல. தந்தி கண்ட மோர்ஸ் தன் 8-ஆவது கிளெய்மில், மின்காந்த விசையை எந்த வகையில் பயன்படுத்தினாலும் சரி, தொலைவில் எழுத்தைப் பதித்தால் அது தனக்கே உரியது என்றார். 1854-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மட்டும் தள்ளுபடி செய்தது. பின்னால் வேறொருவர் மோர்ஸ் சொன்ன எதையும் தொடாமல், இதைவிட எளிய வழி கண்டாலும் மோர்ஸிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும் என்று காரணம் காட்டியது. இத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும், "தரவைப் பெறு, ஒப்பிடு, காட்டு" என்று எழுதிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் மென்பொருள் காலத்தில் காப்புரிமை கிடைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

இரண்டாவது கோளாறு காலம் சம்பந்தப்பட்டது, உன் விஷயத்தில் இதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜார்ஜ் செல்டன் மோட்டார் வண்டிக்கு 1879-இல் விண்ணப்பித்தார். திருத்தம் திருத்தமாகப் போட்டு இழுத்து 1895-இல் வாங்கினார். அப்போது ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. அதற்குள் வண்டியை உருவாக்கியவர்கள் மற்றவர்கள். ஃபோர்டு விடாமல் வழக்காடி 1911-இல்தான் வென்றார்: அந்தக் காப்புரிமை பிரேட்டன் (Brayton) என்ற வகை எஞ்சினுக்கு மட்டும், ஃபோர்டு வண்டியில் இருந்ததோ ஓட்டோ (Otto) என்ற வேறு வகை எஞ்சின்.

1995-இல் ஆயுளை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு என்று மாற்றியும், தொடர் விண்ணப்பம் என்ற கதவை அடைக்கவில்லை. பழைய விண்ணப்பத்தை நிலுவையில் வைத்துக்கொண்டு, சந்தையில் என்ன ஓடுகிறதோ அதைப் பார்த்துப் புதுக் கிளெய்ம் எழுதலாம். தேதி மட்டும் பழையது. பாட்காஸ்ட் காப்புரிமை 8,112,504 அப்படி வந்ததுதான். விண்ணப்பம் 2009-இல், அதற்குள் பாட்காஸ்ட் எங்கும் பரவிவிட்டது. வழங்கியது 2012 பிப்ரவரியில், உரிமை கோரிய தேதியோ 1996 அக்டோபர். ஆகவே அதைச் சாய்க்க, அதே கண்டுபிடிப்பு முன்பே இருந்தது என்று காட்டும் 1996 அக்டோபருக்கு முந்தைய சான்று வேண்டியிருந்தது. இணைய உரிமைகளுக்காக வாதாடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2013-இல் காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டு, சிஎன்என் இணையத்தில் தந்த செய்தித் தொகுப்பையும், கனடா வானொலியின் இணையச் சோதனையையும் முன்வைத்தது. 2015 ஏப்ரலில் கிளெய்ம்கள் செல்லாது என்று தீர்ப்பு. 2017-இல் மேல்முறையீட்டிலும் அதுவே. 2018-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

எனவே முதல் பக்கத்தில் இருக்கும் விண்ணப்ப நாளோடு நின்றுவிடாதே. அதன்கீழ் "தொடர்புடைய விண்ணப்பங்கள்" பகுதியில் மிகப் பழைய தேதியைத் தேடு. உன் சான்று அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டும். கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்றும் பார்: வழங்கியதிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டில் கட்டத் தவறினால் சலுகைக் காலத்துக்குப் பின் காப்புரிமை காலாவதியாகிவிடும். ஆனாலும் காலாவதியாகுமுன் நடந்த மீறல் கடந்த ஆறு ஆண்டுக்குள் இருந்தால் அதற்கு இழப்பீடு கேட்க முடியும், அதை மறக்காதே.

சான்று தேடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காப்புரிமை அலுவலகத்தில் 2012 செப்டம்பரில் தொடங்கிய மறு ஆய்வு முறையில் பழைய காப்புரிமைகளும் அச்சிட்ட வெளியீடுகளும்தான் செல்லும். "நாங்கள் 1998-லேயே இதை ஓட்டினோம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. தேதியோடு கூடிய கையேடு, மாநாட்டுக் கட்டுரை, பொதுவில் கிடைத்த பழைய வலைப்பக்கம் என்று ஏதாவது வேண்டும். ஓடிய மென்பொருளைச் சாட்சியாகக் கொண்டுவருவதானால் நீதிமன்றம்தான், அங்கே செல்லாது என்று நிறுவும் சுமை அதிகம். மறு ஆய்வு மனுவுக்குக் கெடு, வழக்கு உன் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு. ஏற்க மறுத்தால் மேல்முறையீடு இல்லை. ஏற்று இறுதி முடிவு வந்தபின், அங்கே எழுப்பியிருக்கக்கூடிய காரணங்களை நீதிமன்றத்தில் திரும்ப எழுப்பவும் முடியாது. அரைகுறைச் சான்றோடு அவசரப்பட்டுப் போவது ஆபத்து என்பது இதனால்தான்.

கிளெய்மில் பொதுவான கணினி, பொதுவான வலையமைப்பு தவிர வேறொன்றும் இல்லையென்றால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தந்த ஆலிஸ் தீர்ப்பு உன் பக்கம்: வெறும் கருத்தைக் கணினியில் ஏற்றினால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகாது. தொடக்கத்திலேயே தள்ளுபடி கேட்கலாம், செலவும் குறைவு. பதில் எழுதுமுன் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடு. அதற்குமுன் கம்பெனிக்குள் "நாம் மீறித்தான் இருக்கிறோம்" என்று யாரும் மின்னஞ்சலில் எழுத வேண்டாம், அது நாளை அவர்களுக்குச் சாட்சியாகும். இருக்கிற எதையும் அழிக்கவும் வேண்டாம்.

அந்தக் காப்புரிமையின் எண்ணையும், தனித்து நிற்கும் கிளெய்ம்களை நீ வெட்டிய தாளையும் அடுத்த கடிதத்தில் அனுப்பு. பழைய தேதி எதுவென்று தெரிந்ததும் நானும் தேட ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
முத்துக்குமார்