மகளின் வாடகை வீட்டுக்கு நீ போடப்போகும் கையெழுத்து

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கையின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவள் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் எங்கள் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. வலி குறைந்துவிட்டது என்று உடற்பயிற்சியை நிறுத்திவிடப் போகிறாள், பார்த்துக்கொள். இங்கே நான் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டேன். மகனுக்கு நாட்டிங்ஹாமில் இது கடைசி ஆண்டு. தூக்கமில்லாமல் ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: மகள் அடுத்த கல்வியாண்டுக்கு நான்கு தோழிகளோடு ஒரு வீடு எடுக்கிறாள், ஏஜென்ட் பிணைப் பத்திரம் அனுப்பியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன் என்று. அதைப் படித்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பேனாவை எடுக்காதே.

மகளுக்காகத்தானே, அவள் வாடகை கட்டாவிட்டால் நான் கட்டிவிட்டுப் போகிறேன் என்று நீ நினைக்கிறாய். பெற்றவன் அப்படித்தான் நினைப்பான். ஆனால் அந்தப் பத்திரம் அநேகமாக அதைச் சொல்லாது. ஐந்து பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், இங்கிலாந்துச் சட்டப்படி அவர்கள் முழு வாடகைக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். வீட்டுக்காரருக்கு ஐந்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கே கிடையாது. முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். உன் மகளுடைய பொறுப்பு எவ்வளவோ, அவளுக்குப் பிணை நிற்கும் உன் பொறுப்பும் அவ்வளவு. வேறு விதமாக எழுதியிருந்தால்தான் விதிவிலக்கு.

நீ எழுதிய கணக்கையே வைத்துப் பார். ஆளுக்கு வாரம் 130 பவுண்ட், ஐந்து பேர், 52 வாரம். மகளின் பங்கு ஆண்டுக்கு 6,760 பவுண்ட். முழு வீட்டுக்கு 33,800 பவுண்ட். 6,760 என்று நினைத்துக்கொண்டு 33,800-க்குக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய வித்தியாசம்! அதுவும் நீ முகம் பார்த்திராத நான்கு பிள்ளைகளுக்காக.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது. அவருடைய மகனோடு வீட்டில் இருந்த ஒரு பையன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. படிப்பு பிடிக்கவில்லை, மனமும் சரியில்லை. பாவம், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குப் பிணை நின்ற தாய்க்கு அந்த நேரம் பார்த்து வேலை போயிருந்தது. மாதம் 480 பவுண்ட் வீதம் ஆறு மாதப் பாக்கி, 2,880 பவுண்ட். கடிதம் அந்தத் தாய்க்குப் போய்ப் பயனில்லாததும் நேராக இவருக்கு வந்தது. மற்ற பெற்றோருக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. ஏன் இவர் மட்டும்? சொந்த வீடு, நிலையான சம்பளம், மாறாத முகவரி. யாரிடம் வசூலிப்பது எளிதோ அவரைத்தான் தேடி வருவார்கள். ஒழுங்காக வாழ்ந்தவனே முதலில் அகப்படுகிறான். இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அவர் பணத்தைக் கட்டினார். கட்டாமல் இருந்திருந்தால் பணத் தகராறுகளை விசாரிக்கும் கவுன்டி நீதிமன்றம் வரை போயிருக்கும். தீர்ப்பு எதிராக வந்து, ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு அவருடைய கடன் வரலாற்றில் ஆறு ஆண்டுகள் நிற்கும். வீட்டுக் கடனைப் புதுப்பிக்கப் போனால் அங்கே அது முன்னால் வந்து நிற்கும். கட்டியவருக்கு மற்றவர்களிடம் அவரவர் பங்கைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் மகனுடைய நண்பர்களின் பெற்றோர்மீது யார் வழக்குப் போடுவார்கள்? அவர் தொலைபேசியில்தான் பேசினார். இரண்டு குடும்பங்கள் உடனே கொடுத்தன. ஒரு குடும்பம் பதிலே சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துப் பையனும் இவருடைய மகனும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பிணை மகளின் பங்குக்கு மட்டும் என்று பத்திரத்திலேயே எழுதித் தரச் சொல். என் மகன் வீடு எடுத்தபோது நான் கேட்டேன். இது எங்கள் வழக்கமான பத்திரம், மாற்ற முடியாது என்று முதலில் சொன்னார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள், அவர் மறுத்தால் எழுத்தில் தாருங்கள் என்று பதில் அனுப்பினேன். பிறகு ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்கள்: பிணையாளரின் பொறுப்பு, பெயர் குறிப்பிட்ட இந்த வாடகைதாரரின் வாடகைப் பங்குக்கும் அவர் உண்டாக்கிய சேதத்துக்கும் மட்டுமே உரியது, அதன் உச்சவரம்பு இவ்வளவு பவுண்ட். அந்தத் தொகை எண்ணிலும் எழுத்திலும் இருந்தது. சேதத்தைப் பற்றிய பகுதியைக் கவனித்தாயா? பல பத்திரங்களில் "ஒப்பந்தத்தின் எல்லாக் கடப்பாடுகளும்" என்று போட்டுவிடுவார்கள். யாரோ ஒருவன் கதவை உடைத்தாலும் அது உன் கணக்கில் வந்துவிடும்.

எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதிப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்காமல் யாரும் தானாகத் தரப்போவதில்லை. முதலில் வாடகை ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் வாங்கு. எதற்குப் பிணை நிற்கிறோம் என்று பார்க்காமல் பிணைப் பத்திரத்தை மட்டும் படிப்பதில் அர்த்தமில்லை. இன்னொன்று: பிணை எழுத்தில் இருந்து கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும் என்பது இந்த நாட்டில் 1677-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற விதி. வாய்வார்த்தை செல்லாது. ஆனால் மின்னஞ்சலில் பெயர் போட்டு ஒப்புக்கொண்டதையே கையெழுத்தாக நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அதனால் ஏஜென்டுக்கு எழுதும்போது "சரி, சம்மதம்" என்ற பேச்சே வேண்டாம். "பரிசீலிக்கிறேன்" என்று மட்டும் எழுது.

இந்த ஆண்டு இன்னொரு பெரிய மாற்றமும் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. மகள் செப்டம்பரில்தான் குடிபோகிறாள் என்பதால் அவளுக்கு அது பொருந்தும். ஓராண்டு, பத்து மாதம் என்று காலம் குறித்த ஒப்பந்தம் இனி இத்தகைய வீடுகளுக்குக் கிடையாது. இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வாடகைதாரர் விலகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் ஒருத்தி முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால், ஐவரின் ஒப்பந்தமும் சேர்ந்து முடிந்துவிடும். மீதிப் பேர் அங்கேயே இருக்க வேண்டுமானால் வீட்டுக்காரரோடு புதிதாகப் பேசியாக வேண்டும். அப்போது உன் பழைய கையெழுத்து புது ஒப்பந்தத்துக்கும் தொடர்கிறதா என்பதை உன் பத்திரத்தின் வாசகம்தான் தீர்மானிக்கும். புதுப்பித்தல், நீட்டிப்பு என்ற சொற்கள் எங்கே வந்தாலும் நின்று படி. அறிவிப்பே கொடுக்காமல் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாலோ, வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் புதுச் சட்டம் உன்னைக் காப்பாற்றாது.

அந்தச் சட்டம் செய்த நல்லது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிணை நிற்கும் குடும்பத்தின் பிள்ளையே இறந்துபோனால், அதற்குப் பிந்தைய வாடகையை அந்தப் பெற்றோரிடம் கேட்கக்கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு வாடகைக் கடிதம் போகலாம் என்ற நிலை இத்தனை காலம் இருந்தது என்பதே கொடுமை.

டெபாசிட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் பெரிய சிக்கல் இல்லை. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருப்பதால் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. மகளின் பங்கு 650 பவுண்ட். வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்து விவரம் தர வேண்டும்.

எனக்கு மனம் கொதிப்பது வேறு இடத்தில். பணம் கட்டும் பொறுப்பு உனக்கு உண்டு. அந்த வீட்டுக்குள் உனக்கு ஓர் உரிமையும் இல்லை. பாக்கி ஏறுவது உனக்குத் தெரியாது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாடகைக்கு விடுவதில் உள்ள நஷ்ட பயத்தை வியாபாரம் செய்கிறவர்தான் சுமக்க வேண்டும். அதைப் பெற்றோர் தலையில், அதுவும் பிறர் பிள்ளைகளின் கணக்கோடு சேர்த்துக் கட்டுவது நியாயமே இல்லை. சொந்த வீடு இல்லாத பெற்றோரின் பிள்ளைகளையும், பெற்றோர் வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களையும் நினைத்துப் பார். பிணைக்கு ஆள் இல்லாவிட்டால் ஆறு மாதம், ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள். மே மாதத்திலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி வாங்கத் தடை வருகிறது. ஆனால் அந்த வழியும் அடைபட்ட பிறகு பிணையாளர் இல்லாத பிள்ளைக்கு வீடு கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. சில பல்கலைக்கழகங்கள் தாமே பிணை நிற்கின்றன. மகளின் தோழிகளில் யாருக்காவது அந்த நிலை என்றால் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கச் சொல்.

இதையெல்லாம் படித்துவிட்டு மகளிடம் முடியாது என்று சொல்லிவிடாதே. பத்தொன்பது வயதில் தானாகத் தேடி எடுத்த முதல் வீடு. அதன் சந்தோஷத்தைக் கெடுக்க நமக்கு என்ன வந்தது? அவளை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டு. வீட்டில் ஒருத்தி வாடகை தவறினாலோ, போய்விடுவேன் என்று சொன்னாலோ, அன்றைக்கே உனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள். தோழியைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்துப் பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில்தான் பாக்கி மலைபோல் ஏறிவிடுகிறது. தெரிந்தவுடன் பேசினால் வேறொரு மாணவியைத் தேடிப் பிடிக்கலாம், வீட்டுக்காரரிடம் அவகாசம் கேட்கலாம்.

மற்ற நான்கு வீட்டுப் பெற்றோரோடும் கையெழுத்துக்கு முன்னால் பேசிவிடு. மகன் வீடு எடுத்தபோது நாங்கள் ஒரு மாலை எல்லோரும் தொலைபேசியில் சேர்ந்தோம். இரவுப் பணி பார்க்கும் ஒரு தாய், முழு வீட்டுக்கும் பிணை என்பது அன்றுதான் தனக்குத் தெரிகிறது என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார். பிறகு அவர்தான் எங்கள் எல்லோரையும்விட உறுதியாக நின்று, ஐந்து பத்திரத்திலும் அந்த வரி வரவேண்டும் என்று ஏஜென்டிடம் கேட்டார். ஒருவர் கேட்டால் தொந்தரவு என்று ஒதுக்குவார்கள். ஐந்து பேரும் சேர்ந்து கேட்டால் வீட்டுக்காரரும் யோசிப்பார், ஐந்து வாடகைதாரரை இழக்க யாருக்கு மனம் வரும்?

பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. சனிக்கிழமை மாலை வீட்டில்தான் இருப்பேன். இருவரும் சேர்ந்து வரி வரியாகப் படிப்போம். ஞாயிற்றுக்கிழமை என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், ஒப்பந்தம் கையில் கிடைத்த பிறகுதான் என்று சொல்லிவிடு. தங்கையிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்