ஆச்சியின் முழங்காலும் உன் உயரமும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மரபணுப் பரிசோதனை அறிக்கையை மூன்று முறை படித்துவிட்டேன். உயரம் என்ற தலைப்பின் கீழும் மூட்டுத் தேய்மானம் என்ற தலைப்பின் கீழும் ஒரே மரபணுவின் பெயர் வருகிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தாய். பிழை இல்லை, கண்ணே. ஜிடிஎஃப்5 (GDF5) என்ற அந்த மரபணு இரண்டு இடத்திலும் வரத்தான் வேண்டும்.

கருவில் மூட்டுகள் உருவாவதிலும் எலும்பு நீள்வதிலும் அதற்கு வேலை உண்டு. பிறவியிலேயே கால் குட்டையான எலிகளிடம் இந்த மரபணு பழுதாகியிருப்பதை 1994இல் கண்டார்கள். 2007இல், இடுப்பும் முழங்காலும் தேய்ந்தவர்களிடம் இதன் டிஎன்ஏ வரிசையில் ஓர் எழுத்து மாற்றம் கூடுதலாக இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டே, பின்லாந்து, சார்டினியா மக்களின் உயரத்தை ஆராய்ந்தவர்கள் வேறு வழியாக வந்து அதே வாசலில் நின்றார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உடல் சிலிர்த்தது.

பள்ளியில் நான் பட்டாணிச் செடியை வைத்து, ஒரு காரணிக்கு ஒரு பண்பு என்றே பாடம் நடத்தினேன். ஆனால் ஊதாப்பூ, சாம்பல் நிற விதையுறை, இலைக்கோணத்துச் செந்நிறம் மூன்றும் சேர்ந்தே வருவதை மெண்டலே 1866இல் எழுதிவைத்திருக்கிறார். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

2017இல் டெரன்ஸ் கப்பெல்லினி, டேவிட் கிங்ஸ்லி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் இதே ஜிடிஎஃப்5 பற்றிக் கண்டதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மரபணுவுக்கு வெளியே, வளரும் எலும்பில் அதை இயக்கும் சுவிட்ச் போன்ற ஒரு டிஎன்ஏ பகுதி இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினால் எலும்பு சற்றுக் குட்டையாகிறது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பாதிப் பேருக்காவது அந்த மாற்றம் உண்டு. ஆப்பிரிக்காவை விட்டுக் குளிர்நாடுகளுக்குப் போனவர்களுக்குக் குறுகிய கைகால்கள் உடல்வெப்பத்தைக் காத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்த மாற்றத்தோடு சேர்ந்து வரும் மூட்டு வலியோ பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகுதான் பெரும்பாலும் வருகிறது. அதனால் தலைமுறைகளின் ஓட்டத்தில் அந்த மாற்றம் வடிகட்டப்படவில்லை.

ஆனால் உயரத்தில் இந்த மரபணு மாற்றத்தின் பங்கு, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர். உன் உயரத்தை அது ஒன்றே தீர்மானிக்கவில்லை. 2022இல் 54 லட்சம் பேரை ஆராய்ந்தபோது உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்கள் கிடைத்தன. ஆராயப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். அந்தக் கணக்கை நம் குடும்பத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இதையெல்லாம் சொல்லாமல் "அதிக ஆபத்து" என்று சிவப்பு மையில் அச்சிட்டு அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

ஆச்சியின் முழங்காலை நினைத்துத்தானே பயந்தாய்? ஆச்சி நாற்பது ஆண்டுகள் சேற்றில் குனிந்து நாற்று நட்டார். தலையிலும் இடுப்பிலும் தண்ணீர்க் குடம் சுமந்தார். வலி தொடங்கிய பிறகும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எந்த அறிக்கையிலும் அது இருக்காது.

மாடிப்படி இறங்கும்போது உனக்கு வலிக்கிறதா? காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கிறதா? அதை மறைக்காமல் எழுது.

அம்மா