மீட்டரை விடுங்கள், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் இன்னோவா விலைக்குச் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம் என்று ஒரு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். காலை ஏழு மணிக்கே என் அக்கா மகன் போன் பண்ணிவிட்டான். “மாமா, பேப்பர் பாத்தீங்களா? சென்னைல ஒரு போர்ஷே பாக்ஸ்டர் இருக்குதுங்க, 2007 மாடல், இருபத்தொம்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குதாம். அட்வான்ஸ் போட்டுறட்டுங்களா?” என்கிறான். நான் அதே பாக்ஸ்டரில் 2010 மாடலை நான்கு வருடமாக வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவன், அதனால்தான் என்னைக் கேட்டான். அவனை நிறுத்தி வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

கட்டுரையில் எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் விலை இறங்கக் காரணம் காரின் வயது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். வயது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, முந்தைய சொந்தக்காரர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட வேலை. கிளட்ச், டயர், ஏசி, சஸ்பென்ஷன் புஷ் என்று அந்தப் பாக்கியை வாங்குகிறவன்தான் கட்டுவான். நான் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், முதல் இரண்டு வருடத்தில் ஆறு லட்சத்து எண்பதாயிரம். இத்தனைக்கும் என்னுடையது நல்ல வண்டி.

நல்ல வண்டி என்று எப்படித் தெரியும் என்றால், அதற்கு முன் ஒரு கெட்ட பாக்ஸ்டரைப் பார்த்தேன். 2021இல் பெங்களூரில், இறக்குமதிக் கார்களாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம். மீட்டரில் 31,000. பெயிண்ட் கண்ணாடி மாதிரி. நாங்கள் போய் இறங்கும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்காகத்தான் சார் ஸ்டார்ட் பண்ணி வைத்தேன் என்று உபசாரம் வேறு. அங்கேயே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினைக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் உண்மையான சத்தமும் புகையும் தெரியும். சூடான எஞ்சின் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். இதிலும் பாக்ஸ்டரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, முன்னால் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்க இடம், பின்னால் திறந்தாலும் பெட்டி வைக்க இடம், எஞ்சின் நடுவில் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. புகைக்குழாயைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

நல்லவேளையாகக் கூட வந்த மெக்கானிக் விவரமானவர். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருப்பதால் எங்களுக்குக் கிடைக்கும் லாபம் இது, ரேஸ் வண்டிகளில் கை பழகிய ஆட்கள் இங்கே உண்டு. அவர் ஸ்கேனரை மாட்டினார். வண்டியில் மாட்டிப் பிழைப் பதிவுகளைப் போனில் பார்க்க ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓ.பி.டி. கருவி இல்லை, போர்ஷே வண்டியின் கம்ப்யூட்டரை முழுசாகப் படிக்கும் ஸ்கேனர். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டில் தெரியும் எண்ணைத்தான் மாற்றுகிறார்கள். எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கணக்கு ஓடுகிறது, பிறந்ததிலிருந்து எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று. அந்த வண்டி காட்டியது 2,400 மணி. 31,000 கிலோமீட்டரை 2,400 மணியால் வகுத்தால் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்கூட வரவில்லை. பெங்களூரில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலிலேயே குடியிருந்தால்கூட ஒரு போர்ஷே ஆயுள் முழுக்க அந்த வேகத்தில் போகாது. ஊரும் நெடுஞ்சாலையுமாகக் கலந்து ஓடும் காருக்கு முப்பத்தைந்து நாற்பது வரும். என் வண்டியை வாங்கும்போது 41,000 கிலோமீட்டர், 1,050 மணி, போட்டுப் பாருங்கள் சரியாக இருக்கும்.

தப்பான கியரைப் போட்டு எஞ்சினை எல்லை மீறிச் சுழற்றினால் அதுவும் எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பது உட்படப் பதிவாகிவிடும். மேனுவல் கியர் வண்டி வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

அந்த ப்ளூடூத் கருவியும் அப்படியொன்றும் வீணில்லை. விற்கிறவர் செக் எஞ்சின் விளக்கு எரியாமல் இருக்க, நாம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் பிழைப் பதிவுகளை அழித்து வைப்பார். அழித்தால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்ட முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும், மறுபடி அவை நிறையச் சில நாள் ஓட வேண்டும். கருவியில் ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தைத் திறந்தால் பாதிச் சோதனைகள் முடியவில்லை என்று காட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டலாம் என்பது உண்மை. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்க வேண்டியதுதான்.

இப்போது மருமகன் சொன்ன 2007க்கு வருகிறேன். இந்தக் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஐ.எம்.எஸ். பேரிங் என்று பயமுறுத்துவார்கள். எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோக ஓர் இடைத்தண்டு இருக்கிறது, அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் அது. உடைந்தால் எஞ்சினே போச்சு. முதல் பாக்ஸ்டரிலிருந்து 2008 வரை இந்த அமைப்புதான். 2006 மாடலில் பெரிய பேரிங்காக மாற்றினார்கள், அது உடைவது மிகவும் குறைவு, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009இல் எஞ்சினையே புதிதாக வடிவமைத்து அந்தத் தண்டே இல்லாமல் செய்துவிட்டார்கள். நான் 2010 தேடிப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். 2007 வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆயில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள், மினுமினுவென்று உலோகத் தூள் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எனக்கு அந்தப் பேரிங்கைவிடப் பெரிய கவலை வேறு. வண்டி சென்னை வண்டி. 2015 டிசம்பரில் அது எங்கே நின்றது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்று எங்கே நின்றது? தரையிலிருந்து ஒரு சாண்கூட உயரம் இல்லாத கார், முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். உள்ளே புகுந்த தண்ணீரைத் துடைத்துச் சீட்டுக்கு ஷாம்பூ போட்டுவிடலாம், ஆனால் வயரிங் கனெக்டருக்குள் போன தண்ணீர் மாதக்கணக்கில் மெதுவாகப் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் ஏ.பி.எஸ். விளக்கு, அடுத்த வாரம் ஏர்பேக் விளக்கு, அப்புறம் சாவியையே அடையாளம் தெரியாது என்று வண்டி சொல்லும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டால் மண் நெருடுகிறதா என்றும் பாருங்கள். செண்ட் வாசனை தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள்.

காகித விஷயத்தை உங்கள் கட்டுரை ஒரு வரியில் முடித்துவிட்டது. ஆர்.சி. பதினைந்து வருடம் செல்லும், அதற்கப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து சாதாரணக் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. 2025 ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு வந்தது, இருபது வயது தாண்டிய இறக்குமதிக் காருக்கு 80,000. எனக்குப் போன முறை நாற்பதாயிரம் போயிற்று. 2007 வண்டிக்கு 2027இல் இருபது வயது, மருமகன் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம். வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபடி சாலை வரி கட்ட வேண்டும். டெல்லிப் பக்கம் பதினைந்து வருடப் பெட்ரோல் வண்டிக்குத் தடை, வழக்கு என்று இழுபறியாக இருப்பதால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகள் நிறைய, அந்த மலிவு பாதி வரியிலேயே கரைந்துவிடும்.

வாங்கியதற்கப்புறம் என்ன ஆகும் என்பதை யாரும் எழுதுவதில்லை, அதனால் என் கதையையே சொல்கிறேன். ரேஸ் கோர்ஸ் பக்கம் மரத்தடியில் நிறுத்துவேன். நிழல் இருக்கிறதே என்று எனக்குப் பெருமை. இந்தக் காரின் ரேடியேட்டர்கள் முன்பக்க மூக்கில் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்கள். காற்று போகும் வாயில் சருகும் குப்பையும் போய் உட்கார்ந்து, மழையில் ஊறி, உரமாகவே ஆகிவிட்டது. பல்லடம் ரோட்டில் நின்று நின்று போனால் ஏசி சூடாக வரும், வேகமாகப் போனால் குளிரும். கேஸ் குறைவு என்று இரண்டு தடவை நிரப்பினேன், பணம் தண்டம். கடைசியில் முன் பம்பரைக் கழற்றியபோது ஒரு கோணிப்பை சருகு வந்தது. அதற்குள் ஒரு கண்டென்சர் அரித்துவிட்டது. இப்போது வருடம் ஒரு தடவை பம்பர் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். திறக்கும் கூரை வண்டி என்பதால் கூரைத் தண்ணீர் இறங்கும் துளைகளும் சருகால் அடைபடும், அடைபட்டால் தண்ணீர் உள்ளே சீட்டுப் பக்கம் இறங்கிவிடும். குற்றம் மரத்தினுடையதும் இல்லை, காரினுடையதும் இல்லை.

இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். ஒரு மாதம் வெளியூர் போய் வந்தேன், பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி இருப்பது முன் மூடிக்குள். முன் மூடி திறப்பது கரண்டில். கரண்டு இருப்பது பேட்டரியில். அரை நாள் காரைச் சுற்றி வந்தேன். கடைசியில் பார்த்தால் கால் வைக்கும் இடத்துப் பக்கம் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஒரு சிவப்பு முனையை வெளியே இழுக்கலாம், அதில் வேறு பேட்டரியின் பிளஸ்ஸையும், கதவு பூட்டும் இரும்புக் கொக்கியில் மைனஸ்ஸையும் கொடுத்தால் மூடி திறக்கும். கையேட்டில் இருக்கிறது. கையேடு இருந்தது முன் மூடிக்குள். வண்டியோடு கையேடு வந்தால் வீட்டில் வையுங்கள்.

டயர் பட்டன் தேயவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம். குறைவாக ஓடிய காரில் டயர் தேயாது, கிழமாகிக் கல்லாகிவிடும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்பதால் மாற்றிப் போட்டும் ஓட்ட முடியாது.

இதை வெறும் புலம்பலாக எழுதவில்லை. லண்டனில் இருக்கும் என் நண்பர் ஒருவர் பழைய மாஸ்டா வாங்கினார். அங்கே மூன்று வயது தாண்டிய காருக்கு வருடா வருடம் எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை உண்டு, அந்த நாளில் மீட்டர் எவ்வளவு, எதில் தேறவில்லை என்பதெல்லாம் அரசாங்க இணையத்தில் கார் நம்பரைப் போட்டால் காசில்லாமல் வரும். பத்து வருட மீட்டர் கணக்கு அவர் கையில் இருந்தது. நம் ஊரில் அரசாங்கத்தின் ‘வாகன்’ இணையத் தளத்தில் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரிகிறது, நல்லதுதான், ஆனால் வாங்குகிறவன் முதலில் கேட்கும் இரண்டு கேள்விக்கு, எவ்வளவு ஓடியது, தண்ணீரில் மூழ்கியதா என்பதற்கு, நான் பார்த்தவரை அங்கே பதில் இல்லை. புகைச் சோதனைக்குச் சட்டப்படி பெட்ரோல், டீசல் வண்டிகள் போகத்தான் வேண்டும். அங்கேயே மீட்டரையும் பார்த்து எழுதிவிட என்ன கஷ்டம்? வெள்ளத்தில் மொத்தச் சேதம் என்று பணம் கொடுத்து முடித்த கார் நம்பர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் இருக்கின்றன, அதையும் அதே தளத்தில் ஒரு வரி போட்டால் போதும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற என் போன்ற ஆளுக்காகக் கேட்கவில்லை. மூன்று லட்சத்துக்கு ஆல்டோ வாங்குகிற ஆளுக்கும் அதே மீட்டர், அதே வெள்ளம். அவர் ஸ்கேனரும் மெக்கானிக்கும் கூட்டிக்கொண்டு போக முடியாது. உங்கள் பேப்பர் இதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டால் போக்குவரத்துத் துறை கண்ணில் படும்.

மருமகன் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலை வந்தே பாரத்தில் போகிறோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். “சரிங்க சார், ஆனா ஏன்?” என்று கேட்டார் விற்கிறவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.