யாழ். நூலகத்தைக் கட்டியது ஆங்கிலேயர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே "ஆங்கிலேயர் ஆட்சியில் எழுப்பப்பட்ட எழில்மிகு கட்டடம்" என்று எழுதியிருந்தீர்கள். அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரி வேறு எங்காவது வந்திருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

அத்திவாரக் கல் நாட்டியது 1954 மார்ச் 29. நாடு சுதந்திரம் பெற்று ஆறு வருடம் கழிந்த பிறகு. மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தது 1959 ஒக்டோபர் 11. இவை நீங்கள் அறியாதவை அல்ல.

1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குப் போனது. நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்றபோது மேயர் சாம் சபாபதி காலத்தில் களியாட்ட விழா நடத்திச் சனங்களிடம் காசு சேர்த்தார்கள். சென் பற்றிக்ஸ் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகளார் அதற்காக ஓடித் திரிந்தார். அவர் அயர்லாந்துக்காரர்; அவரை வைத்துத்தான் "ஆங்கிலேயர்" என்று எழுதினீர்களா தெரியவில்லை. வரைபடம் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனுடையது. நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். திராவிடப் பாணி, நடுவில் குவிமாடம், முன்னே சரஸ்வதி சிலை. பார்த்தவுடன் யாருடைய கட்டடம் என்று தெரிய வேண்டாமா?

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் படித்தபோது நான் அங்கே இருந்து வாசித்திருக்கிறேன். பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று கேட்டேன். ஊழியர் அதை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து மேசையில் மெதுவாக வைத்து, "ஓரம் உதிரும் பிள்ளை, ஒற்றை விரலால் புரட்டுங்கோ" என்றார். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ஏறக்குறைய 97,000 நூல்களையும் ஏட்டுச் சுவடிகளையும் 1981 மே 31 இரவு பொலிசாரும் அவர்களோடு வந்தவர்களும் கொளுத்தினார்கள். தூர இருந்து அந்த நெருப்பைப் பார்த்த பன்மொழி அறிஞர் தாவீது அடிகளாரின் உயிர் அப்போதே பிரிந்ததாக யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்வார்கள். 1984இல் ஒரு பகுதியைத் திருத்தித் திறந்தார்கள். அடுத்த வருடமே அதுவும் சிதைந்தது. உங்கள் படத்தில் நிற்பது அதற்குப் பிறகு மீளக் கட்டியெழுப்பியது. அந்த வரியில் இதில் ஒன்றாவது உண்டா?

வெள்ளைக்காரர் கட்டியது எது என்று திருகோணமலையாருக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கோணேசர் கோயிலை 1622இல் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே போர்த்துக்கேயர் எழுப்பியது எங்கள் கோட்டை. பிறகு வந்த ஆங்கிலேயர் அதற்குப் பிரெட்ரிக் என்று தங்கள் இளவரசர் பெயரை வைத்தார்கள். வாசல் கல்லில் பொறித்த மீன்களையும் தமிழ் எழுத்தையும் இன்றைக்கும் பார்க்கலாம். எங்களிடமிருந்து எடுத்ததை அவர்கள் பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். நாங்களே காசு சேர்த்துக் கட்டியதையும் அவர்களுக்கே கொடுக்க வேண்டுமா?

எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் எழுதுவதும் எண்ணெய்க் குதமும் நிலாவெளிக் கடலும் மட்டும்தான். இங்கே வாசிகசாலைகள் இருக்கும் நிலை குறித்து முன்பு நான் அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை. இடமில்லாதிருந்திருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் பேத்தி உங்கள் படத்தை வெட்டி ஒட்டி, அந்த வரியை அப்படியே பார்த்தெழுதிப் பாடசாலை ஒப்படையில் கொடுத்திருக்கிறாள். சரி போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். பிழை என்றேன். "பேப்பரிலயே போட்டிருக்கு, அம்மம்மா" என்கிறாள். காட்டித் திருத்துவோம் என்று பக்கத்து நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். யாழ். நூலகம் பற்றிய புத்தகம் அலுமாரிக்குள் இருக்கிறதாம். திறப்பு வைத்திருப்பவர் லீவாம். கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகுகளை வாசித்துவிட்டு வந்தோம். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் நான். என் சொல் போதவில்லை, அச்சில் வந்தது வேண்டுமாம்.

ஆகவே, வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 1954, 1959 என்ற இரண்டு வருடங்களையும் போட்டுத் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பேத்தியின் ஒப்படையில் அதை வெட்டி ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.