மண் ஓடுதளப் பந்தயச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் ஒரு முறை கூடியது. இரண்டு கூட்டங்கள் போதிய உறுப்பினர் வராததால் நடக்கவில்லை. பந்தயப் பருவம் தொடங்கும் முன் வெளிச்சுவரும் பார்வையாளர் வேலியும் பழுது பார்க்கப்பட்டன. புதிய ஓட்டுநர்களுக்கான பயிற்சி நாள் நடந்தது. மழையால் இரண்டு பந்தய இரவுகள் ரத்தாயின. நீண்ட காலம் நமக்கு அறிவிப்பாளராக இருந்தவர் ஓய்வு பெற்றார். அவருக்கு நடந்த பிரிவு உபசாரம் சிறப்பாக அமைந்தது.

இனி நம் கார்கள் ஓடும் தளத்தின் மண்ணைப் பற்றி. இந்த ஆண்டு நான் முழு மனதோடு செய்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு வரை பந்தய நாள் மதியம்தான் தளத்துக்குத் தண்ணீர் விட்டோம். லாரி நான்கு சுற்று வரும், மேலே பளபளவென்று ஈரம் தெரியும், திருப்தியாகப் போய்விடுவோம். முதல் இரண்டு ஹீட், அதாவது தகுதிச் சுற்றுப் பந்தயங்கள், நன்றாக ஓடும். மூன்றாவது ஹீட்டில் டயர்கள் அந்த ஈரத் தோலை உரித்து எறிந்துவிடும். அடியில் இருப்பது காய்ந்த மண். அப்புறம் இரவு முழுவதும் புழுதிதான். இறுதிப் பந்தயத்தின்போது எதிர்ப்பக்கம் ஓடும் வண்டியே பார்வையாளருக்குத் தெரியாது. பின்னால் வரும் ஓட்டுநருக்கு முன்னால் போகும் வண்டி தெரியவில்லை என்றால் அது வெறும் அசௌகரியம் இல்லை, உயிர் ஆபத்து.

களிமண் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஒரே நேரத்தில் ஊற்றினால் மேலே சேறாகி உள்வட்டத்துக்கு வழிந்துவிடும். அதனால் இந்த ஆண்டு பந்தயத்துக்கு முந்தைய நாள் மாலையே தொடங்கினோம். குறைவாக விட்டு, அரை மணி விட்டு, மறுபடி குறைவாக விட்டு, இப்படி இருட்டும் வரை. மறுநாள் காலை ஒரு ஸ்குரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்ப்பேன். நான்கு அங்குலம் வரை தடையில்லாமல் இறங்கினால் ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்க்க வேண்டும். விரல் ரேகை பதிந்து உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டவும் கூடாது, உதிரவும் கூடாது. ஒட்டினால் மண்ணைச் சமன் செய்யும் கிரேடரை இறக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். உதிர்ந்தால் லாரியை மறுபடி அழைக்க வேண்டும். திருப்பங்களின் மேல்விளிம்பில் தண்ணீர் நிற்காது, அதனால் அங்கே மட்டும் இரண்டு மடங்கு விட வேண்டும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இந்தப் பருவம் முழுவதும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தைய மாலை லாரியின் பின்னாலேயே நடந்து கற்றுக்கொண்டேன்.

கிரேடர் சமன் செய்த பிறகு மண்ணை இறுக்குவதற்கு வண்டிகளையே விடுகிறோம். இதில் ஓட்டுநர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுக்கும் சுற்றுகளில் மெதுவாக ஓடுங்கள், முந்தைய வண்டியின் தடத்தில் போகாமல் அதற்கு ஒரு டயர் அகலம் மேலே போங்கள் என்று ஒவ்வொரு ஓட்டுநர் கூட்டத்திலும் சொல்கிறோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தளத்தில் இறங்கியதும் எல்லோரும் உள்வட்டத்தை ஒட்டி ஒரே தடத்தில் ஓடுகிறார்கள். மேல் பாதி இறுகாமலே கிடந்து முதல் ஹீட்டில் குழி விழுகிறது. அந்தக் குழியில் வண்டி குதிக்கும்போது நிர்வாகத்தைத் திட்டுகிறார்கள்.

இரண்டாவது மாற்றம் நேரம். எட்டுச் சுற்று ஹீட், ஆபத்தைக் காட்டும் மஞ்சள் கொடி இல்லாமல் ஓடினால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் சென்ற ஆண்டு நம் இரவுகள் நள்ளிரவு வரை இழுத்தன. ஏன் என்று ஒரு நாள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறித்தேன். ஒரு பந்தயம் முடிந்து அடுத்த பந்தயத்துக்குப் பச்சைக் கொடி விழும் வரையிலான இடைவெளி பல நேரம் பந்தயத்தைவிட நீளமாக இருந்தது. வண்டிகள் அவற்றைத் தயார் செய்யும் இடமான பிட்டிலிருந்து கிளம்பவே இல்லை, வரிசைப் பலகையை யாரும் பார்க்கவில்லை, ஓட்டுநர் ஹெல்மெட் தேடிக்கொண்டிருந்தார். அதனால் புதிய விதி கொண்டுவந்தோம். ஓடும் பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக் கொடி விழும்போது, அடுத்த பந்தயத்தின் வண்டிகள் நுழைவாயிலில் வரிசையாக நிற்க வேண்டும். இல்லாதவர் கடைசியிலிருந்து தொடங்குவார். பருவத்தின் முதல் இரவில் மூன்று பேரைக் கடைசிக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் என் நெருங்கிய நண்பர். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த இரவிலிருந்து யாரும் தாமதமாக வரவில்லை. விதி சரிதான் என்று இன்றும் சொல்கிறேன்.

இப்போது பருவத்தின் கடைசிக்கு முந்தைய இரவு. இதைப் பற்றிப் பல விதமாகப் பேசப்பட்டது, அதனால் நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

அன்று வந்த வண்டிகள் நாம் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு. முந்தைய வாரம் மழையால் ரத்தான பந்தயத்தின் புள்ளிகளும் சேர்ந்ததால் எல்லா வண்டி வகுப்புகளிலும் ஆட்கள் குவிந்தார்கள். மாலை 4 மணிக்கே பிட்டில் இடம் இல்லை. டிரெய்லர்களை வெளிப்பக்கப் புல்தரையில் நிறுத்தினோம். பதிவு மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பரிசோதனைக்கு வந்த வண்டிகளில் ஐந்தில் கழுத்துப் பாதுகாப்புக் கருவி இல்லை. தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் இந்தக் கருவியை அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் 2001 அக்டோபரிலேயே கட்டாயமாக்கிவிட்டது. நம் சங்கத்தில் இன்னும் அது விவாதப் பொருளாக இருப்பது எனக்கு வருத்தம். ஐந்து பேரையும் ஓட விடவில்லை. அதற்காகப் பிட்டில் கூச்சல் எழுந்தது. அந்தப் பொறுப்பு முழுக்க என்னுடையது.

நான்கு திருப்பங்களுக்கும் தலா இரண்டு பேர் என்று எட்டுப் பெயர்கள் பணிப் பட்டியலில் இருந்தன. வந்தவர்கள் மூன்று பேர். இருவர் முன்கூட்டியே தகவல் சொன்னார்கள், அவர்களுக்கு நன்றி. மற்ற மூவரையும் நான் தொலைபேசியில் அழைத்தபோது ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் மறந்துவிட்டேன் என்றார். ஒருவர் பார்வையாளர் மேடையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

ஆகவே கட்டுப்பாட்டு மேடையைத் துணைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டு மூன்றாவது திருப்பத்துக்கு நானே போனேன். அங்கே நின்றால்தான் இந்த வேலை என்ன என்று புரியும். காலுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பவுடர் தீயணைப்பான், கையில் மஞ்சள் விளக்கு. தண்ணீர், பவுடர் இரண்டும் தேவை. பெட்ரோல் தீக்குப் பவுடர், மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருளின் தீக்குத் தண்ணீர். மெத்தனால் எரிந்தால் வெளிச்சத்தில் சுடர் தெரியாது, புகையும் வராது. ஓட்டுநர் கைகளை உதறுவதைப் பார்த்துத்தான் தீப்பிடித்திருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். வண்டிகள் திருப்பத்தில் குறுக்காகச் சறுக்கி வரும்போது மண்கட்டிகள் தோளில் வந்து அடிக்கும். கண்ணாடியை ஒவ்வொரு சுற்றுக்கும் துடைக்க வேண்டும். ஆனால் வண்டிகளிலிருந்து கண்ணை எடுக்கவும் கூடாது.

இரண்டாவது அரையிறுதியில் என் கண்முன்னால் ஒரு வண்டி மேல்விளிம்பு மண்மேட்டில் சக்கரம் மாட்டி இரண்டு முறை உருண்டது. விளக்கைப் போட்டேன். சிவப்புக் கொடி உடனே விழுந்தது, ஆனால் பின்னால் வந்த வண்டிகள் நிற்க அரைச் சுற்றாவது ஆகும். அதற்குள் ஓட்டுநர் இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு வெளியே வரப் பார்த்தார். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து, உள்ளேயே இருங்கள் என்று கத்தினேன். தீப்பிடித்தால் தவிர, மீட்புக் குழு வரும் வரை வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது நம் விதி. 2014 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் கனண்டைகுவா மண் தளத்தில், வண்டியிலிருந்து இறங்கித் தளத்தில் நடந்த ஓர் இளம் ஓட்டுநர் வேறு வண்டி மோதி இறந்தார். அதன் பிறகு பல பந்தய அமைப்புகள் இந்த விதியை எழுத்தில் கொண்டுவந்தன. அன்று அந்தத் திருப்பத்தில் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓட்டுநருக்குத் தோள்பட்டையில்தான் காயம். ஆனால் ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆம்புலன்ஸ் இல்லாமல் ஒரு சுற்றுகூட ஓட விடக் கூடாது. அது திரும்பி வர 50 நிமிடம் ஆனது. அதற்குள் மேல்மண் காய்ந்துவிட்டது. லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன், லாரி ஓட்டியவருக்கு அது புதிய வேலை, அதிகமாக விட்டுவிட்டார். தளம் வழுக்கியது, மறுபடி இறுக்கும் சுற்றுகள் ஓட வேண்டியதாயிற்று. இரவு 11 மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நமக்கு உண்டு. அதனால் கடைசி வகுப்பின் இறுதிப் பந்தயத்தை 25 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தேன். அந்த வகுப்பு ஓட்டுநர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் என் மேல் மட்டும் வந்தது நியாயம் இல்லை. மாலை 5 மணிக்கு எட்டுப் பேர் வந்திருந்தால், நான் மேடையிலேயே இருந்திருப்பேன். லாரிக்கு எவ்வளவு தண்ணீர் என்று வாக்கி-டாக்கியில் சொல்லியிருப்பேன்.

1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிட்லண்டில் மின்விளக்கு ஒளியில் மோட்டார்சைக்கிள் பந்தயம் நடத்திய ஜானி ஹாஸ்கின்ஸ் அந்த ஊர் வேளாண் சங்கத்தின் செயலாளர். அதுதான் ஸ்பீட்வே என்ற மண் தள மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் முதல் இரவா என்பதில் வாதம் உண்டு. ஆனால் அன்றும் கண்காட்சி மைதானத்தை ஒரு சங்கம்தான் தயார் செய்தது. அமெரிக்காவின் எல்டோராவைப் போன்ற பெரிய தளங்களில் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு உறுப்பினர்கள்தான் ஆட்கள். நம் சங்க விதியில் ஒவ்வோர் உறுப்பினரும் பருவத்துக்கு இரண்டு இரவு பணி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இந்த ஆண்டு அதை முழுமையாகச் செய்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எப்போதும் அதே முகங்கள்தான். அவர்களில் சிலர் களைத்துவிட்டார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சந்தா விஷயமும் அப்படித்தான். பருவம் தொடங்கும் முன் கட்ட வேண்டிய சந்தா பலரிடமிருந்து இன்னும் வரவில்லை. இரண்டு முறை கடிதம் எழுதினோம், ஒரு முறை நேரிலும் சொன்னோம். பெயர்களை வாசிக்க நான் விரும்பவில்லை. அதோடு சங்கத்தின் டிரான்ஸ்பாண்டர்களில் சில கடைசி இரவுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. அவை வண்டியில் இருப்பதால்தான் யார் எத்தனை சுற்று ஓடினார் என்பது தகராறு இல்லாமல் தெரிகிறது. உங்கள் டிரெய்லரை ஒரு முறை பாருங்கள். கருவி இருந்தால் கொடுத்துவிடுங்கள், எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். பொதுவாகச் சொன்னால், நுழைவு வருமானம் நன்றாக இருந்தது, டீசலும் காப்பீடும் எதிர்பார்த்ததைவிட அதிகம் தின்றன, ரத்தான இரண்டு இரவுகளின் இழப்பைப் பெரிய இரவு ஓரளவு ஈடுகட்டியது. கையிருப்பு சென்ற ஆண்டு அளவிலேயே இருக்கிறது. விளக்குக் கம்பங்களுக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்து கொஞ்சம் கிரேடர் பழுதுக்கு எடுக்க நேர்ந்தது, அது திருப்பி வைக்கப்படும்.

மருத்துவக் குழுவுக்கும், தீயணைப்புக் குழுவுக்கும், மீட்பு வண்டி ஓட்டுநர்களுக்கும், சுற்றுக் கணக்கு எழுதியவர்களுக்கும், பதிவு மேசையில் இருந்தவர்களுக்கும், விளம்பரம் தந்து ஆதரித்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. அன்று எனக்குப் பதிலாக மேடையைப் பார்த்துக்கொண்ட துணைச் செயலாளருக்குத் தனிப்பட்ட நன்றி. அந்த 50 நிமிடமும் அவர் பார்வையாளர்களிடம் ஒலிபெருக்கியில் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்ததால்தான் பாதிப் பேராவது கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

வரும் பருவத்துக்கு எனக்கு இரண்டு ஆசைகள். நான்கு திருப்பங்களிலும், மேடையிலிருந்து ஒரே பொத்தானில் எரியும் எச்சரிக்கை விளக்குகள் வேண்டும். தண்ணீர் லாரியை ஓட்டத் தெரிந்த இன்னொருவர் வேண்டும். முந்தைய மாலை என்னோடு இரண்டு முறை நடந்தால் போதும், சொல்லிக் கொடுத்துவிடுவேன். என் முழங்கால் முன்போல இல்லை. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்று சிலர் கேட்டார்கள். மண்ணை விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மேடை, மண், திருப்பம் மூன்றையும் ஒரே ஆள் பார்க்க முடியாது என்பதை அந்த இரவு எனக்குச் சொல்லிவிட்டது. யார் வருகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்கிறேன்.

அடுத்த பருவத்தின் முதல் நான்கு இரவுகளுக்கான பணிப் பட்டியலைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் பேனாவோடு வைத்திருக்கிறேன். முதல், இரண்டாம், நான்காம் திருப்பங்களுக்குப் பெயர்கள் வந்துவிட்டன. மூன்றாம் திருப்பத்துக்கு எதிரே நான்கு இரவுகளும் காலியாக இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்