மர வளையமும் சூரியப் புயலும்: படத்தில் தெரியாத சான்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்காலச் சூரியப் புயல்களின் தடயம் மர வளையங்களில் கிடைப்பது பற்றி இப்போது செய்திகள் அடிக்கடி வருகின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கூடவே அச்சாகும் படங்களில் ஒரு வளையம் மட்டும் கறுத்தோ தடித்தோ காட்டப்படுகிறது. வளையத்தின் தடிமன் பெரும்பாலும் மழையையும் வெப்பத்தையும் சொல்லும். சூரியப் புயல் அடித்த ஆண்டின் வளையமோ பக்கத்து வளையங்களைப் போலவேதான் இருக்கும். வித்தியாசம் அதன் கார்பனில் இருக்கிறது.

சூரியனிலிருந்து பாயும் அதிவேகப் புரோட்டான்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. நியூட்ரானை வாங்கிக்கொள்ளும் நைட்ரஜன் அணு, கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஆகிறது. அது கார்பன் டை ஆக்ஸைடாகிக் கீழே இறங்கி, இலை வழியே மரத்துக்குள் போய்ச் சேர்கிறது. 2012இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுஸா மியாகே குழுவினர், யாகுஷிமா தீவின் சீடர் மரத்தில் கி.பி. 774க்கும் 775க்கும் இடையே கார்பன்-14 ஆயிரத்துக்கு 12 பங்கு கூடியிருந்ததைக் கண்டார்கள். கேட்க அற்பமாக இருக்கும். கார்பன்-14 சிதைந்து குறைவதை வைத்துத்தான் பழம்பொருளின் வயதைக் கணிக்கிறார்கள்; அந்தக் கணக்கில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 8 ஆண்டு. அதாவது அடுத்தடுத்த இரண்டு வளையங்கள், கார்பன் கணக்கில் நூறாண்டு இடைவெளி காட்டி நின்றன.

அதற்கு முன்பு இது சிக்காததற்குக் காரணம் எளிது. பத்துப் பத்து வளையங்களைச் சேர்த்து அளப்பதே வழக்கமாக இருந்தது. ஏற்றம் சராசரியில் கரைந்துபோனது.

ஒற்றை வளைய வேலை பொறுமையைச் சோதிப்பது. உருப்பெருக்கியின் கீழ் ஸ்கால்பெல்லால் ஒரு வளையத்தைச் செதில் செதிலாகச் சீவ வேண்டும். கத்தி எல்லை தாண்டினால் அடுத்த ஆண்டு கலந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்ஸைடு, மறுபடி அமிலம் என்று கழுவி, அமிலம் சேர்த்த சோடியம் குளோரைட் கரைசலில் சூடாக வைத்து வெளுத்தால் வெள்ளை நாராகச் செல்லுலோஸ் மட்டும் மிஞ்சும். பிசின் ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரக்கூடியது. அதை விட்டுவைத்தால் தாவல் மழுங்கிவிடும். செல்லுலோஸை எரித்து, வரும் வாயுவை இரும்புத் தூளின் மேல் ஹைட்ரஜனோடு சேர்த்துச் சூடாக்கினால் கிராஃபைட். ஒரு மில்லிகிராம் கார்பன் போதும், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் முடுக்கி நிறை நிறமாலைமானியில் அளந்துவிடலாம். ஓர் அளவீட்டின் பிழையே ஆயிரத்துக்கு 2 பங்கு இருக்கும் என்பதால் ஒரு வளையம் துள்ளியதை வைத்து எதையும் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் உள்ள வளையங்களையும் வரிசையாக அளக்க வேண்டும். வறண்ட ஆண்டில் மரம் வளையமே போடாமல் விட்டிருந்தால் எண்ணிக்கையும் ஒன்று பிசகும்.

இன்னொன்று, ‘கேரிங்டன் புயலைவிடப் பல மடங்கு’ என்ற தலைப்பு. 1859இல் அடித்த கேரிங்டன் புயல் தெளிவான கார்பன்-14 தடயம் எதையும் மர வளையங்களில் விடவில்லை. அது பூமியின் காந்தப்புலத்தை உலுக்கிய புயல். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் இருளில் மூழ்கியதும் அவ்வகையில்தான். மர வளையம் பதிவு செய்வது புரோட்டான் மழையை. இரண்டும் சேர்ந்தே வரலாம், வராமலும் போகலாம். ஆகவே 775ஆம் ஆண்டு வளையத்தைக் காட்டி மின்மாற்றிகள் எத்தனை எரியும் என்று கணக்குப் போடுவது பொருந்தாது. செயற்கைக்கோள்களும் விமானப் பயணிகளும் எவ்வளவு கதிர்வீச்சைச் சந்திக்கக்கூடும் என்று கேட்டால் பொருந்தும். கிரீன்லாந்து, அன்டார்க்டிகா பனியில் 775ஐ ஒட்டிய காலத்தில், இதே போன்ற மோதலில் உருவாகும் பெரிலியம்-10, குளோரின்-36 ஆகிய அணுக்களும் கூடியிருப்பதால்தான் சூரியன் மீது சந்தேகம் வலுத்தது.

அச்சமூட்டும் பக்கத்துக்கே இடம் போய்விடுவதால், கைமேல் பலன் தந்த பக்கம் செய்தியில் பின்தங்கிவிடுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற வைக்கிங் குடியிருப்பில், இரும்புக் கருவியால் வெட்டப்பட்ட மூன்று மரத்துண்டுகள் கிடைத்தன. மூன்றும் வெவ்வேறு மரங்கள். கி.பி. 993இல் அடித்த இன்னொரு சூரியப் புயலின் கார்பன்-14 தாவல் எந்த வளையத்தில் என்று அளந்து பிடித்து, அங்கிருந்து பட்டையோரம் வரை எண்ணினார்கள். மூன்றிலும் 28 வளையம். 993உடன் 28 சேர்த்தால் 1021. மரங்களை வெட்டிய ஆண்டு அதுதான் என்று 2021இல் வெளியிட்டார்கள். பட்டையோரம் உதிர்ந்திருந்தால் ‘இன்ன ஆண்டுக்குப் பிறகு’ என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நமக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 580 என்று அறிவிக்கப்பட்டது. கி.மு. 800 முதல் 400 வரை கார்பன்-14 அளவை ஆண்டாக மாற்றித் தரும் வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடப்பதால், அக்காலத்துக் கரித்துண்டு எதற்கும் நூறு, இருநூறு ஆண்டு ஊசலாட்டம் இருந்தே தீரும். அந்தத் தட்டைப் பகுதிக்கு நடுவில், கி.மு. 660ஐ ஒட்டி ஒரு சூரியப் புயல் நிற்கிறது. 775 போல ஒரே ஆண்டில் விருட்டென்று ஏறாமல் சில ஆண்டுகளில் பரவி ஏறியது என்பதால் பிடிப்பது சற்றுக் கடினம். கி.மு. 580இல் வெட்டிய மரமானால், புயலுக்கு முந்தைய வளையங்களும் சேர்ந்து தொண்ணூறு வளையமாவது வேண்டும். விரல் நுனியளவு கரியில் அது நடக்காது. தேக்குபோல ஆண்டு வளையம் தெளிவாகப் போடும் மரத்தின் உத்தரமோ பலகையோ கிடைத்தால் முயலலாம்.

அப்படி ஒன்று அகழாய்வுக் குழியில் தென்பட்டால் முதல் ஒரு மணி நேரத்தில்தான் காரியம் கெடும். ஈரமாகக் கிடைத்த மரத்தை வெயிலில் காயவைத்தால் வெடித்து, முதலில் உதிர்வது நமக்கு வேண்டிய வெளி வளையங்கள்தான். நீரிலேயே, இருட்டில், குளிர்ச்சியாக வைக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் பாலிஎத்திலீன் கிளைக்காலைப் பூசுவதற்கு முன்பே குறுக்குவெட்டாக ஒரு துண்டை ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பூச்சில் உள்ள பெட்ரோலியக் கார்பன் வயதைக் கூட்டிக் காட்டும். காய்ந்த கரியானால் பஞ்சிலோ செய்தித்தாளிலோ சுற்றாமல் அலுமினியத் தாளில் மடித்து, பட்டைப் பக்கம் எது என்று உறையின் மேல் குறித்துவைத்தால் போதும்.

இப்படிக்கு,
தொல்பொருள் காலக்கணிப்பில் ஈடுபாடுள்ள வாசகர்கள்,
மதுரை